பேரேட்டில் ஏறாத பெயர்

பிறருடைய பணத்தை எண்ணியே 32 ஆண்டுகளைக் கழித்தவன் நான். ஓர் அரசுப் பல்கலைக்கழகத்தின் நிதிப்பிரிவில் இளநிலை எழுத்தராகச் சேர்ந்து, துணை நிதி அலுவலராக 2022-ஆம் ஆண்டு ஓய்வு பெற்றேன். அந்தப் பல்கலைக்கழகத்தின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. நான் சொல்லவிருப்பது என் கையெழுத்தைப் பற்றியதே அன்றி, அந்நிறுவனத்தைப் பற்றியது அன்று. பிறந்த ஊர் பாகூர். பணிக்காலத்தின் பின்பாதியிலிருந்து குடியிருப்பது வில்லியனூர். இவ்விரு கொம்யூன்களையும் அறிந்தவர்களுக்கு, இரண்டு ஊர்களையும் இணைப்பது சாலைகள் மட்டுமல்ல, நெல்லும்தான் என்பது தெரியும். பாகூரைப் புதுவையின் நெற்களஞ்சியம் என்று பள்ளியிலேயே எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். அந்தக் களஞ்சியத்துப் பிள்ளை ஒன்றைப் பற்றியதே இக்கட்டுரை.

முதலில், ஒரு பல்கலைக்கழகத்தின் வரவு செலவுத் திட்டம் எப்படி உருவாகிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வாசகர்களில் பலர் கட்டணம் கட்டியிருப்பீர்கள். அக்கட்டணம் எந்த மேசையில் பிறக்கிறது என்பதைப் பார்த்திருக்க மாட்டீர்கள்.

வரவுப் பக்கத்தில் பெரிதாக நிற்பது அரசு மானியம். அதற்கடுத்து மாணவர் கட்டணம்: கற்பிப்புக் கட்டணம், தேர்வுக் கட்டணம், விடுதி வாடகை, சான்றிதழ்க் கட்டணம். மூன்றாவதாக வைப்புத்தொகைகளின் வட்டியும் சில்லறை வரவுகளும். செலவுப் பக்கத்தின் பெரும்பகுதியை ஊதியமும் ஓய்வூதியமும் கொண்டுபோய்விடும். பிறகு மின்கட்டணம், குடிநீர், தூய்மைப் பணி, காவல். இவற்றையெல்லாம் கழித்தபின் எஞ்சுவதில்தான் நூலகத்து இதழ்களும், ஆய்வகத்து வேதிப்பொருள்களும், ஒழுகும் கூரையின் பழுதுபார்ப்பும், கௌரவ விரிவுரையாளர்களின் சிறு தொகையும் அடங்கவேண்டும்.

நல்ல ஆண்டுகளில் இது ஒருவாறு ஓடிவிடும். பொருளாதாரம் சரியும் ஆண்டில் இரண்டு பக்கமும் நெருக்கும். அரசின் வரி வருவாய் குறைவதால் மானியம் சுருங்கும், அல்லது தாமதமாக வரும். வட்டி குறையும். செலவோ குறையாது. ஊதியத்தில் கைவைக்க முடியாது. ஓய்வூதியத்தில் கைவைக்கக் கூடாது. அப்போது நிதிப்பிரிவின் கண், தானாகவே ஒரே ஓர் இனத்தின்மேல் போய் நிற்கும். அது மாணவர் கட்டணம். ஆசிரியருக்குச் சங்கம் உண்டு. அலுவலருக்குச் சங்கம் உண்டு. மின்வாரியத்துக்கு இணைப்பைத் துண்டிக்கும் அதிகாரம் உண்டு. அடுத்த ஆண்டு வந்து சேரப்போகும் பிள்ளைக்கு இவற்றில் எதுவும் இல்லை. நிதிக்குழுக் கூட்டத்தில் அதன் சார்பில் ஒரு நாற்காலியும் கிடையாது.

2020-ஆம் ஆண்டு அப்படிப்பட்ட ஓர் ஆண்டாக வந்தது. மார்ச் இறுதியில் ஊரடங்கு. ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான காலாண்டில் நாட்டின் மொத்த உள்நாட்டு உற்பத்தி, முதலில் வெளியான மதிப்பீட்டின்படி, முந்தைய ஆண்டின் அதே காலத்தைவிட 23.9 விழுக்காடு சுருங்கியது. மே மாதத்தில் ரிசர்வ் வங்கி ரெப்போ வட்டி விகிதத்தை 4 விழுக்காடாகக் குறைத்தது. கடன் வாங்கியவர்களுக்கு அது ஆறுதல். வைப்புத்தொகையின் வட்டியை நம்பியிருந்த எங்களைப் போன்ற நிறுவனங்களுக்கு அது இழப்பு. நடுவண் அரசு தன் ஊழியர்களின் அகவிலைப்படி உயர்வை ஒன்றரை ஆண்டுக்கு நிறுத்திவைத்தது. விடுதிகள் பூட்டிக் கிடந்தன, வாடகை இல்லை. தேர்வுகள் தள்ளிப்போயின, தேர்வுக் கட்டணம் இல்லை. ஜூலை மாதத்தில் நான் கூட்டிப் பார்த்தபோது பெருந்தொகை துண்டு விழுந்தது.

துண்டை அடைக்க ஒரு குறிப்பு எழுதும்படி எனக்குப் பணிக்கப்பட்டது. மூன்று இரவுகள் உட்கார்ந்து எழுதினேன். அதன் தலைப்பு ‘கட்டணச் சீரமைப்பு.’ உயர்வு என்ற சொல்லை நிதிப்பிரிவில் எவரும் எழுதுவதில்லை. பல ஆண்டுகளாகக் கட்டணம் மாற்றப்படவில்லை என்பதை எடுத்துச் சொன்னேன், அது உண்மை. பிற பல்கலைக்கழகங்களோடு ஒப்பிட்டு அட்டவணை தந்தேன், அதுவும் உண்மை. பல்கலைக்கழக மானியக் குழு அமைத்த நீதிபதி புன்னையா குழு 1993-லேயே சொன்ன பரிந்துரையையும் சேர்த்தேன். பல்கலைக்கழகங்கள் தம் தொடர்செலவில் 15 விழுக்காட்டை ஐந்து ஆண்டுகளிலும், 25 விழுக்காட்டைப் பத்து ஆண்டுகளிலும் தாமே திரட்ட முயலவேண்டும் என்பது அக்குழுவின் கருத்து. இறுதியில், புதிய கட்டணத்தைச் சென்ற ஆண்டு மாணவர் எண்ணிக்கையால் பெருக்கி, துண்டு அடைபடுவதைக் காட்டினேன். அட்டவணையின் அடியில் சிறிய எழுத்தில் ஒரு வரி இருந்தது: ‘சேர்க்கை எண்ணிக்கையில் மாற்றம் இராது எனக் கொள்ளப்படுகிறது.’

குறிப்பு ஏற்கப்பட்டது. கணக்குத் திறமைக்காக எனக்குப் பாராட்டும் கிடைத்தது.

*

அவ்வாண்டு சேர்க்கை வழக்கம்போல் ஜூலையில் நடக்கவில்லை, அக்டோபருக்குத் தள்ளிப்போயிற்று. ஒருநாள் மாலை, பாகூரிலிருந்து ஒருவர் மிதிவண்டியில் என் வீட்டுக்கு வந்தார். என்னோடு பள்ளியில் படித்த நண்பனின் தம்பி. ஏரிப் பாசனத்தில் கொஞ்சம் சொந்த நிலமும் கொஞ்சம் குத்தகை நிலமும் பயிரிடுபவர். மஞ்சள் பையில் கத்தரிக்காய் கொண்டுவந்திருந்தார். முகக்கவசத்தைக் கழற்றலாமா வேண்டாமா என்ற தயக்கத்தோடு திண்ணையிலேயே உட்கார்ந்துகொண்டார்.

“அண்ணே, பாப்பாவுக்கு உங்க எடத்துலயே எம்.எஸ்சி. கெமிஸ்ட்ரி கெடச்சிடுச்சு. லிஸ்ட்ல பேரு வந்திருக்கு.”

மகிழ்ச்சியாக இருந்தது. அவர் வீட்டில் பள்ளியிறுதி வகுப்பைத் தாண்டிய முதல் பிள்ளை அவள். அரசுக் கல்லூரியில் இளநிலைப் பட்டம் பெற்று, நுழைவுத் தேர்வும் எழுதித் தன் தகுதியால் வென்ற இடம் அது.

“வெள்ளிக்கெழமைக்குள்ள மொத்தப் பணமும் கட்டணுமாம் அண்ணே. போன வருசத்தைவிட ஏறிப்போச்சுன்னு சொல்றாங்க. இப்பதான் நடவு முடிஞ்சுது. இருந்ததெல்லாம் வயலுக்குள்ள போயிடுச்சு. பாதி இப்ப கட்டிடறேன்; மீதிய தை அறுத்ததும் கட்டிடறேன். நீங்க ஒரு வார்த்தை சொன்னா கேப்பாங்களா?”

“தவணைக்கு விதியில் இடமில்லை தம்பி” என்றேன். நான் சொன்னது உண்மை. அந்த விதிகளின் படியை அச்சுக்கு அனுப்பியவனே நான்தான்.

உடனே, மீதித் தொகையை நான் தருகிறேன் என்றும் சொன்னேன். அவர் தலையசைத்துவிட்டார். “வேணாம் அண்ணே. உங்ககிட்ட கடன் வாங்கிட்டா, அப்புறம் இந்தத் திண்ணையில நான் எப்படி வந்து உக்காருவேன்?” என்றார். கூட்டுறவுச் சங்கத்தில் நகைக்கடன் ஏற்கெனவே இருந்தது. கல்வி உதவித்தொகை உண்டே என்று நினைவூட்டினேன். “அது கட்டினப்புறம்தானே திரும்பி வரும்?” என்று கேட்டார். அதுவும் உண்மை. உதவித்தொகை என்பது, முதலில் கட்டிவிட்டுப் பிறகு காத்திருக்கக் கூடியவர்களுக்கே எளிதில் உதவுகிறது.

அந்தப் பெண் சேரவில்லை. சில வாரங்களில் திருபுவனைத் தொழிற்பேட்டைப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலைக்குப் போகத் தொடங்கினாள் என்று பின்னர் கேள்விப்பட்டேன். கம்பெனிப் பேருந்து ஊருக்கே வந்து ஏற்றிச் செல்கிறதாம்.

நிதியாண்டு முடிந்தபோது கணக்கை எடுத்துப் பார்த்தேன். பேரேட்டில் கட்டணம் கட்டியவர்களின் பெயர்கள் வரிசையாக இருந்தன. கட்டாதவர்களுக்கு நிலுவைப் பதிவேடு உண்டு. இடையில் நின்றவர்களுக்கும் ஒரு பதிவேடு உண்டு. இடம் கிடைத்தும் வந்து சேராதவர்களுக்கோ எங்கும் ஒரு பத்தி இல்லை. அவள் பெயர் எந்தப் பேரேட்டிலும் ஏறவில்லை. தணிக்கையாளர் எழுப்பும் நூறு வினாக்களில் அவளைப் பற்றி ஒன்றும் வராது.

*

இங்கே ஒரு சிறு கணக்கு போடலாம். எளிதாக விளங்கும்பொருட்டு எண்களை நானே அமைத்துச் சொல்கிறேன்.

ஒரு வகுப்பில் 40 இடங்கள்; ஆண்டுக் கட்டணம் 20,000 ரூபாய். வரவு 8 இலட்சம். கட்டணத்தை 25,000 ஆக்குகிறோம். காகிதத்தில் வரவு 10 இலட்சம், துண்டு அடைபட்டது. ஆனால் எட்டுப் பிள்ளைகள் வரவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். வந்தவர் 32 பேர். வரவு எவ்வளவு? மீண்டும் அதே 8 இலட்சம். ஒரு ரூபாயும் கூடவில்லை. எட்டுப் பிள்ளைகளை வெளியே நிறுத்தி நாம் ஈட்டியது ஏதுமில்லை.

செலவாவது குறைந்ததா? அதுவும் இல்லை. வகுப்பில் 40 பேர் இருந்தாலும் 32 பேர் இருந்தாலும் பேராசிரியரின் ஊதியம் ஒன்றே. மின்விசிறி ஒரே வேகத்தில்தான் சுற்றும். ஆய்வகத்தில் கொஞ்சம் அமிலம் மிச்சமாகலாம். ஆகவே, அந்த எட்டு இடங்களைப் பாதிக் கட்டணத்துக்குக் கொடுத்திருந்தால்கூட ஓர் இலட்சம் ரூபாய் கூடுதலாக வந்திருக்கும். காலியாகக் கிடக்கும் நாற்காலியே ஒரு பல்கலைக்கழகத்தின் மிக விலையுயர்ந்த பொருள். இது கணக்கியலில் முதல் பாடம். முப்பது ஆண்டு அனுபவமுள்ள நான், ‘சேர்க்கை எண்ணிக்கையில் மாற்றம் இராது’ என்ற ஒரே வரியால் அதைத் தாண்டிச் சென்றிருந்தேன்.

நெருக்கடி ஆண்டில் அந்த வரி இருமடங்கு பொய்யாகும். கட்டணத்தை உயர்த்த நம்மைத் தூண்டும் அதே சரிவுதான், பெற்றோரின் கையையும் வெறுமையாக்கியிருக்கிறது. நமக்குத் துண்டு விழுந்த அதே மாதத்தில் அவர்கள் வீட்டிலும் துண்டு விழுந்திருக்கிறது. செல்வ நாடுகளிலும் இதுவே நிகழ்ந்தது. 2008-ஆம் ஆண்டின் நிதி நெருக்கடிக்குப் பின் அமெரிக்க மாநில அரசுகள் தங்கள் பல்கலைக்கழகங்களுக்குத் தரும் பணத்தை வெட்டின. வேலை கிடைக்காத இளைஞர்கள் படிக்கத் திரண்டதும் அதே காலத்தில்தான். கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் ஆட்சிக்குழு 2009 நவம்பரில் 32 விழுக்காடு கட்டண உயர்வுக்கு ஒப்புதல் அளித்தது. மக்களுக்குப் பல்கலைக்கழகம் மிகவும் தேவைப்படும் நாளில்தான், அதன் வாசற்படி உயர்த்தப்படுகிறது.

நம் பக்கத்திலும் பாடங்கள் உண்டு. 1985-இல் நாடாளுமன்றச் சட்டத்தால் அமைந்த புதுவைப் பல்கலைக்கழகத்தில், 2020 பிப்ரவரியில், அதாவது நோய்த்தொற்றின் நெருக்கடி தொடங்கும் முன்பே, கட்டண உயர்வைத் திரும்பப் பெறக் கோரி மாணவர்கள் காலாப்பட்டு வளாகத்தில் போராடினார்கள். தெற்கே, சிதம்பரத்தில் 1929-இல் தொடங்கிய அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 2012-இல் ஊதியம் வழங்கவே திணறியது. 2013-இல் தமிழ்நாடு அரசு தனிச் சட்டம் இயற்றி அதைத் தன் பொறுப்பில் எடுத்தது. தேவைக்கு மிஞ்சியிருந்த ஆயிரக்கணக்கான ஊழியர்கள் பிற அரசு நிறுவனங்களுக்கு அனுப்பப்பட்டனர். 1857-இல் பிறந்த சென்னைப் பல்கலைக்கழகத்தின் வங்கிக் கணக்குகளை, 424 கோடி ரூபாய் வரி நிலுவை கோரி, வருமான வரித்துறை 2024-இல் முடக்கியது. பழம்பெருமை மின்கட்டணத்தைக் கட்டாது என்பதை இவை காட்டுகின்றன. ஆகவே, கட்டணமே கூடாது என்று சொல்பவன் அல்லன் நான். காரில் வந்து இறங்கும் பிள்ளையும் மிதிவண்டியில் வரும் பிள்ளையும் ஒரே சிறு தொகையைக் கட்டுவது சமத்துவம் போலத் தோன்றலாம். உண்மையில் அது வசதி படைத்தவர்க்கு நாம் வழங்கும் மானியம். பணம் தேவை. யாரிடமிருந்து, எப்போது, எப்படி என்பதே வினா.

*

ஓய்வுக்குப் பின் ஒருநாள் திருபுவனைக்குப் போனேன். அந்தப் பெண் வேலை செய்த இடம் என்பதால் அல்ல. அங்குள்ள வரதராசப் பெருமாள் கோயிலின் கல்வெட்டைப் பற்றி முன்பே படித்திருந்தேன். வில்லியனூரிலிருந்து விழுப்புரம் சாலையில் சிறிது நேரப் பயணம்தான்.

முதலாம் இராசாதிராச சோழனின் 30-ஆம் ஆட்சியாண்டில், கி.பி. 1048-இல், அவ்வூரில் ஒரு கல்லூரி நடந்தது. 260 மாணவர்கள், 12 ஆசிரியர்கள். அதற்கென 72 வேலி நிலம் ஒதுக்கப்பட்டிருந்தது; அதிலிருந்து ஆண்டுக்கு 12,000 கலம் நெல் வரவேண்டும். ஆசிரியரும் மாணவரும் படிப்பில் முழுமையாக ஈடுபடுவதற்காக, ஊர் வாரியப் பணிகளிலிருந்து அவர்களுக்கு விலக்கும் அளிக்கப்பட்டது. வடமேற்கே எண்ணாயிரத்தில், முதலாம் இராசேந்திரன் காலத்தில் 340 மாணவர் படித்த கல்லூரிக்கு 45 வேலி நிலம் இருந்தது. ஒவ்வொரு மாணவருக்கும் நாள்தோறும் நெல் அளக்கப்பட்டது. எங்கள் பாகூருக்கோ அவற்றினும் மூத்த பெருமை உண்டு. 9-ஆம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்துச் செப்பேடுகள், பாகூரில் இருந்த வித்தியாத்தானம் என்னும் கல்விநிலையத்துக்கு மூன்று ஊர்கள் கொடையாக அளிக்கப்பட்டதைச் சொல்கின்றன.

ஒரு கணக்கனின் கண்ணோடு இவற்றைப் படித்தபோது இரண்டு செய்திகள் தைத்தன. முதலாவது, அவர்கள் வருவாயை முதலில் உறுதி செய்துவிட்டுப் பிறகே மாணவரைச் சேர்த்தார்கள். மாணவர் கொண்டுவரும் பணத்தை நம்பித் திட்டம் போடவில்லை. நெல் களத்துக்கு வரும்வரை கல்லூரிதான் காத்திருந்தது, மாணவன் அல்லன்.

இரண்டாவது செய்தி கசப்பானது. அந்தக் கல்விநிலையங்களில் படித்தவர்கள் யார்? வேதமும் சாத்திரமும் ஓதும் உரிமை பெற்ற ஒரு சமூகத்தாரின் பிள்ளைகள் மட்டுமே. 12,000 கலம் நெல்லை விளைவித்து அளந்தவர்களின் பிள்ளைகளுக்கு அங்கே இடமில்லை. ஏர் பிடித்தவன் கல்லூரிக்குச் சோறு போட்டான். அவன் பிள்ளை அதன் திண்ணைக்கும் வரமுடியவில்லை. ஆகவே, அக்காலம் பொற்காலம் என்று எழுத என் கை வரவில்லை.

ஆனால் அவர்களைக் குறை சொல்லும் தகுதி எனக்கு உண்டா? இன்றைய அரசுப் பல்கலைக்கழகமும் வானத்திலிருந்து விழுந்த பணத்தால் நடப்பதன்று. பாகூர் உழவர் தம் இறைப்பு எந்திரத்துக்கு ஊற்றும் டீசலிலும், அவர் வீட்டில் வாங்கும் சோப்பிலும் வரி இருக்கிறது. அந்த வரியே மானியமாக மாறி எங்கள் பேரேட்டின் வரவுப் பக்கத்தில் முதல் வரியாக நிற்கிறது. அன்றைக்கு அவர் முன்னோர் நெல்லாக அளந்தார்கள். இன்றைக்கு அவர் வரியாக அளக்கிறார். அன்று பிறப்பு என்னும் கதவு சாத்தியிருந்தது. அந்தக் கதவை நம் அரசியலமைப்பு திறந்துவிட்டது. திறந்த கதவில், ‘வெள்ளிக்கிழமைக்குள் மொத்தத் தொகை’ என்ற இன்னொரு தாழ்ப்பாளைப் பொருத்தியவர்களில் நானும் ஒருவன்.

அன்று மாலை திருபுவனைச் சாலையில் நின்றபோது, வேலை முடிந்த தொழிற்சாலைப் பேருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. சன்னல்களில் இளம்பெண்களின் முகங்கள். 260 பேருக்கு உணவும் கல்வியும் அளித்த ஊர் அது என்பது அவர்களில் எவருக்கும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. தெரிந்திருக்க வேண்டியவன் நான்.

*

என்ன செய்திருக்கலாம் என்று கேட்பீர்கள். கையில் அதிகாரம் இருந்தபோது நான் காணாதவற்றை, இப்போது கண்டவரை எழுதுகிறேன்.

கட்டணத்தை உயர்த்தியே ஆகவேண்டுமென்றால், குடும்ப வருமானத்துக்கேற்ப உயர்த்தலாம். விலக்கு அளிப்பதானால் வாசலிலேயே அளிக்கலாம். கட்டச் செய்து பிறகு திருப்பித் தருவதை உதவி என்று அழைக்கவேண்டாம். கட்டவேண்டிய நாளை அலுவலக நாட்காட்டியைக் கொண்டு மட்டும் முடிவு செய்யாமல், பெற்றோரின் கைக்குப் பணம் வரும் நாளையும் பார்க்கலாம். மாத ஊதியக்காரருக்கு ஒன்றாம் தேதி. சம்பா பயிரிடுபவருக்குத் தை மாதம். மீனவருக்குத் தடைக்காலம் முடிந்தபின். பல்கலைக்கழகத்துக்கோ இரண்டு மாதக் காத்திருப்பு பெரிய இழப்பன்று. அந்த இடைவெளிக்கு ஆகும் வட்டியைக் கணக்கிட்டேன். விழா மேடைக்கு நாங்கள் செலவழித்ததைவிட அது குறைவாக இருந்தது.

எல்லாவற்றுக்கும் மேலாக, நல்ல ஆண்டில் சேமிக்கவேண்டும். பாகூர் ஏரிக்கரையில் வளர்ந்தவனுக்கு இதை எவரும் சொல்லித் தரவேண்டியதில்லை. ஐப்பசி, கார்த்திகையில் பெய்வதை ஏரியில் தேக்கியதால்தான் பங்குனியிலும் பயிர் நின்றது. வரவு மிகுந்த ஆண்டுகளில் நாங்கள் தோரண வாயில் கட்டினோம், வாகனங்கள் வாங்கினோம். மாணவர் நலனுக்கென ஓர் இருப்பு நிதியைத் தேக்கி வைக்கவில்லை. வறட்சி வந்தபோது திறக்க மதகு இருந்தது, ஏரியில்தான் நீரில்லை.

ஓய்வு பெறுவதற்கு முந்திய ஆண்டு, எவரும் பணிக்காமலே நான் இரண்டாவது குறிப்பு ஒன்றை எழுதினேன். அதில் இரண்டே வேண்டுகோள்கள். ஒன்று, கட்டணத்தை இரு தவணைகளாக ஏற்று, இரண்டாம் தவணையைப் பொங்கலுக்குப் பின் வைக்கவேண்டும். மற்றொன்று, ஆண்டறிக்கையில் ‘இடம் பெற்றும் சேராதோர்’ என்று ஒரு பத்தி சேர்த்து, ஒவ்வொருவரிடமும் காரணம் கேட்டுப் பதியவேண்டும். முதலாவது, நான் ஓய்வு பெற்றபின் ஏற்கப்பட்டது. இரண்டாவது இன்னும் பரிசீலனையில் இருப்பதாக நண்பர்கள் சொல்கிறார்கள்.

சென்ற ஆண்டு தை மாதத்தில் பாகூர் ஏரிக்கரையில் அந்த உழவரைச் சந்தித்தேன். அறுவடை நடந்துகொண்டிருந்தது. மகளுக்குத் திருமணம் ஆகிவிட்டது என்றார். இளையவன் இப்போது கல்லூரியில் கடைசி ஆண்டு படிக்கிறானாம்.

“இப்பல்லாம் செலான்லயே ரெண்டு தவணைன்னு போட்டு வருதாமே அண்ணே. அன்னிக்கே இப்படி இருந்திருந்தா பாப்பாவும் படிச்சிருக்கும்” என்றார். குரலில் குற்றச்சாட்டு இல்லை. மழை சற்று முன்பே பெய்திருக்கலாம் என்று சொல்வதைப் போலச் சொன்னார்.

நான்கு ஆண்டுகளாகத் தொண்டையில் நின்றதை அப்போது சொன்னேன். அந்தக் கட்டணத்தை உயர்த்தச் சொல்லிக் குறிப்பு எழுதியவன் நான்தான் என்றேன். அவர் களத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். நெல்லைத் தூற்றிக்கொண்டிருந்தார்கள். வெகுநேரம் கழித்து, கேட்டார்:

“கணக்கு சரியா வந்துச்சா அண்ணே?”

அதில் கேலி இல்லை. கணக்கைப் பற்றி மரியாதை உள்ளவர் கேட்ட கேள்வி அது. ஒரு பெரிய நிறுவனம் தன் மகளின் இடத்தைக் கேட்டிருக்கிறதென்றால், அதற்குத் தக்க காரணம் இருந்திருக்கும் என்று அவர் நம்பினார். என்னால் மறுமொழி சொல்ல முடியவில்லை. கணக்கு சரியாக வரவில்லை. வேதியியல் வகுப்பில் அவ்வாண்டு காலியாகக் கிடந்த இடங்கள், உயர்த்திய கட்டணத்தை விழுங்கிவிட்டன. அவருடைய மகளின் இரண்டு ஆண்டுகளை நாங்கள் எதற்காகவும் செலவிடவில்லை. வீணாக்கினோம்.

இந்த ஆண்டும் எங்கேயோ ஒரு நிதிப்பிரிவில் ஒருவர் விளக்கை ஏற்றிவைத்துக்கொண்டு துண்டை அடைக்க உட்கார்ந்திருப்பார். அவர் நல்லவராகவே இருப்பார். அவருடைய சிக்கலும் உண்மையானதாகவே இருக்கும். அவரிடம் எனக்கு ஒரே ஒரு வேண்டுகோள். அட்டவணையின் அடியில் சிறிய எழுத்தில் அந்த வரியை எழுதும் முன், பேனாவை ஒரு கணம் நிறுத்துங்கள். மாற்றம் இராது என்று நீங்கள் கொள்ளும் அந்த எண்ணிக்கைக்குள், நடவு முடித்துவிட்டுத் தை மாதத்துக்காகக் காத்திருக்கும் ஒரு தகப்பன் இருக்கிறார்.